குணநாயகம் உயிரோடு இருக்கிறார்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில், எதிர் இருக்கையில் பட்டாணி கொறித்துக்கொண்டிருந்த ஜெயவேலு சொன்னார். தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் சைக்கிள் ஸ்டாண்டில், தகரக் கூரை நிழலில் ஸ்டூல் போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் அவர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஜெயவேலுவுக்கு இன்னும் அங்கேதான் பிழைப்பு.

அவர் சொன்ன கதையில் அவரே கதாநாயகன். குரோம்பேட்டை வருவதற்குள் இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றி முடித்துவிட்டார். "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அத்த வுடு சார். பேஜாரு புடிச்ச பொம்பளை" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சரி, கதை அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பல்லாவரத்தில் இறங்க வேண்டியவன் இறங்காமல் மீனம்பாக்கம் வரை போய் மிச்சத்தையும் கேட்டுக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்:

"நடுக்கடலில் படகு ஆடியபோது தவமலர் தன் தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு—"

இதோடு நிறுத்திவிட்டேன். கதைகளில் படகேறும் பெண்கள் எல்லோரும் தாலியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். தவமலர் யாழ்ப்பாணத்தில் கட்டடங்களுக்கும் இயந்திரங்களுக்கும் வரைபடம் போடுகிற உத்தியோகத்தில் இருந்தவள். அவர்கள் ஊரில் அதற்குப் படவரைஞர் என்று பெயர். பாரம் குறைக்கச் சொல்லிப் படகுக்காரன் கத்தியபோது அவள் துணிப்பெட்டியைக் கரையில் விட்டுவிட்டு டி-ஸ்கொயரை மட்டும் எடுத்துக்கொண்டாள். பலகையில் வைத்து நேர்கோடு இழுக்கும் நீளக் கட்டை அது. [இது ஜெயவேலு சொன்னதில்லை. நான் போட்டது. ஆனால் அவள் அப்படித்தான் செய்திருப்பாள்.]

இரண்டாவது தொடக்கம்:

"பம்மல் தோல் தொழிற்சாலைகளின் வாடை முகத்தில் அறைந்ததும் தவமலருக்குக் கண்ணீர்—"

வாடைக்கு யாராவது அழுவார்களா? பம்மல்காரர்கள் கையில் கிடைத்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்: "தவமலர் மனுவின் நகலை வாசித்துப் பார்த்துவிட்டு இரண்டு இடங்களில் அடிக்கச் சொன்னாள்."

3

விஷயம் இதுதான். அது தொண்ணூறாம் வருஷம், மழைக்காலத்துக்கு முன்னால். தவமலரும் அவள் கணவன் குணநாயகமும் பம்மலில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அகதி முகாமில் இல்லாமல் வெளியே தங்க அனுமதி வேண்டும். வேலை பார்க்க அதற்கு மேல் ஒரு அனுமதி வேண்டும். இரண்டுமே தற்காலிகம்தான், வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். [அந்த நாளில் சட்டம் உண்மையில் எப்படி இருந்தது என்று நான்கு பேரைக் கேட்டேன், நான்கு விதமாகச் சொன்னார்கள். ஆகவே இது என் கதையின் சட்டம். வக்கீல்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.]

வேலை தயாராக இருந்தது. தோல் பதனிடும் தொட்டிகளுக்கு இரும்புச் சட்டம் செய்கிற பட்டறை வைத்திருந்த சௌகத் அலி அவள் போட்ட ஒரு படத்தைப் பார்த்தார். "அனுமதிச் சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடும்மா. மறுநாளே உனக்கு டேபிள் போட்டுடறேன்" என்றார். சீட்டு கிடைத்தால் மறுபடியும் அவள் படவரைஞர். கிடைக்காவிட்டால் முகாம். அங்கே வரைபலகைக்கு இடம் ஏது?

4

ஜெயவேலுவிடம் பெண்கள் வந்தால் பெரும்பாலும் விதவை உதவித்தொகைக்காகத்தான் வருவார்கள். பல வருஷமாக ஒரே பாட்டு. பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டால் போதும், மிச்சத்தை அவர் கையே எழுதிவிடும். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. அவர் எழுதிய மனுவைப் படித்து ஒரு தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக அவரே சொல்வார்.

ஜெயவேலு முதலில் கிறுக்கிய நகலைத் தவமலர் வாங்கி வாசித்தாள்.

"'நாதியற்ற' எண்டதை வெட்டுங்கோ. 'ஏழை அபலை'யும் வேண்டாம்."

"இன்னாமா நீ, இதெல்லாம் இல்லாங்காட்டி ஆபீசர் மனசு எறங்குமா?"

"எனக்கு அவரின்ரை மனசு இறங்கத் தேவையில்லை. பேனை இறங்கினால் காணும்."

[காணும் என்றால் அவர்கள் ஊரில் போதும் என்று அர்த்தம்.] சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற குணநாயகம் சிரித்துவிட்டான். ஜெயவேலுவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடித்தார். தவமலர் திருப்தியாக டீக்கடைப் பக்கம் போனாள். ஜெயவேலு நல்ல தாள் ஒன்றை எடுத்து, சுத்தப்பிரதி எழுத உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அலுவலகத்துக் கடைநிலை ஊழியர் எட்டிப் பார்த்து அடுத்த பெயர் தவமலர் என்று கூவினார். கை தன் பழைய தடத்திலேயே ஓடி முடித்தது. அவள் டீக்கடையிலிருந்து வந்து, அவசரத்தில் கீழே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். திருத்திய நகலைத்தான் வாசித்தாயிற்றே!

5

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஜெயவேலுவைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அகதியைப் பற்றி எழுதுகிறோம் என்றதும் என் கையும் கடலைக் கொண்டுவந்தது, கண்ணீரைக் கொண்டுவந்தது. நாங்கள் இருவரும் ஒரே தொழில்தான் செய்கிறோம். அவருக்காவது தகரக் கூரை இருக்கிறது.]

6

அதிகாரி சுந்தரராமனை முதலில் வில்லனாக வைத்திருந்தேன். மீசைகூட வரைந்தாயிற்று. பிறகு மீசையை எடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், சிக்கல் அதனால்தான் வந்தது.

அவர் சத்தமாக வாசித்தார். "'கணவனை இழந்து, நாதியற்று நிற்கும் ஏழை விதவையாகிய நான்...'" நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. ஜன்னலுக்கு வெளியே, சைக்கிளோடு, குணநாயகம்.

"அவர் யாரும்மா?"

தவமலருக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கத்தால் இல்லை, கோபத்தால். இத்தனை ஷெல்லடிக்குத் தப்பி வந்த மனுஷனை இந்தத் தாம்பரத்தில், ஒரு பேனாவால் கொன்றுவிட்டார்களே என்று நினைத்தாள்.

"என்ரை மனுசன்."

அதற்குள் ஜெயவேலு விஷயம் தெரிந்து ஓடிவந்துவிட்டார். "சார், அது என் கை பண்ண வேலை சார். அந்தம்மா மேல தப்பு இல்ல சார்."

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாருங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். யாருமில்லாத பெண்ணுன்னா எனக்கு அதிகாரம் இருக்கு, இன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். குடும்பம்னா மேலிடத்துக்கு எழுதணும், அவங்க முகாமுக்குப் போங்கன்னு சொன்னாலும் சொல்வாங்க. அவரைக் கொஞ்சம் வெளிய, அந்த பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கச் சொல்லுங்க. நான் எதையும் பார்க்கல."

"தோ, சாரே சொல்லிட்டாரு!" ஜெயவேலுவுக்கு உயிர் வந்தது. "காயிதத்துலதானம்மா செத்தாரு. வூட்டுக்குப் போனா உயிரோட கீறாரு. இன்னா கொறஞ்சி பூட்ச்சி?"

[இங்கே நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனேன். நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தை, ஒரு வரைபலகை, மாசம் பிறந்தால் சம்பளம். திரும்பி வந்து பார்த்தால், எனக்காகக் காத்திராமல் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.]

"ஐயா, எங்கடை ஊரிலை எனக்குத் தெரிஞ்ச கனபேர் உண்மையாவே விதவையாகிட்டினம். அவையின்ரை சொல்லை நான் எடுத்துப் பாவிக்க ஏலாது. ஒரு வெள்ளைத்தாள் தாங்கோ."

அவர் கொடுத்தார். அவள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, உள்ளுக்கு வாங்கோ. நீங்களும் ஒரு கையெழுத்து வைக்கோணும்."

வந்தவனிடம் நடந்ததைச் சொன்னாள். குணநாயகம் ஜெயவேலுவை ஏற இறங்கப் பார்த்தான். "எட்டுச் செலவையாவது செய்தனீங்களோ, அண்ணை?" என்றான். செத்தவர்களுக்கு எட்டாம் நாள் செய்கிற காரியம் அது. சுந்தரராமனே சிரித்துவிட்டார்.

மேசையின் ஓரத்தில் தாளை வைத்து, படவரைஞரின் நேரான எழுத்தில் அவள் எழுதினாள்:

"நான் தவமலர், படவரைஞர். என் கணவர் குணநாயகம் உயிரோடு இருக்கிறார். எங்கள் ஊரில் சண்டை ஓயும்வரை இங்கே தங்கவும் என் தொழிலைச் செய்யவும் இருவருக்குமாக அனுமதி கேட்கிறேன்."

சுந்தரராமன் எட்டிப் பார்த்தார். "கடைசியில 'தாழ்மையுடன்'னு போடணும்மா. வழக்கம்."

"'மரியாதையோடு' எண்டு போடுறன். அது காணும்தானே, ஐயா?"

அவள் அப்படியே போட்டாள். இதைத்தான் ஜெயவேலு ரயிலில் பேஜார் என்று சொன்னார். எனக்கோ மீனம்பாக்கம் வந்ததுகூடத் தெரியாமல் பெருமையாக இருந்தது. எனக்கு அவள் உறவும் இல்லை, ஊரும் இல்லை, இருந்தாலும் பெருமையாக இருந்தது.

7

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஜெயவேலுவைக் கேட்டேன். சீட்டு கிடைத்தது என்றார், தன்னுடைய சிபாரிசில். ரயில் நின்றபோது இன்னொரு தடவை கேட்டேன், சரியாக ஞாபகமில்லை என்றார்.

ஆகவே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சௌகத் அலி, சொன்னபடியே ஜன்னலோரம் டேபிள் போடுகிறார். மற்றொன்றில் மேலிடம் முகாமைக் கைகாட்டுகிறது, குணநாயகம் சைக்கிளை விற்கிறான். இரண்டையும் தவமலரிடம் காட்டினேன். [காட்டினேன் என்றால் என்ன அர்த்தம், இது கதைதானே என்று கேட்பவர்கள் கேளுங்கள்.] "நீங்கள் என்ன, அந்தக் கந்தோரிலை வேலை செய்யிறனீங்களோ?" என்றாள். கந்தோர் என்றால் அலுவலகம். இல்லை என்றேன். "அப்ப ஏன் முடிவெடுக்கிறியள்?"

நியாயம்தான். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. சுந்தரராமனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், பாவம், அவர் போதுமான அளவு வியர்த்துவிட்டார். அவருடைய இடம் காலியாக இருக்கிறது. இத்தனை நேரம் வாசித்தீர்களே, வந்து உட்காருங்கள். மேசைமேல் அவள் எழுதிய தாள் இருக்கிறது. பேனா இருக்கிறது. தங்க அனுமதிப்பீர்களா, மேலிடத்துக்குத் தள்ளிவிடுவீர்களா, அது உங்கள் பாடு. எதற்காகவும் அவள் அந்தத் தாளில் ஒரு வார்த்தையை மாற்றமாட்டாள் என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

எதிர் நாற்காலிகளில் கோப்புக் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. காலையிலிருந்து அவர்கள் இருவரும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். கட்டுகளை இறக்கி வையுங்கள். கையெழுத்து அப்புறம், முதலில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள்.