பெர்லிட்டாவின் இரு நிறக் கவ்விகள்

கல்விக்கு வயது தடையன்று. ஐம்பத்து மூன்றாம் வயதில் ஆங்கிலத் தேர்வில் தேறிய பெர்லிட்டா சுமகய்சாய் இதற்குச் சான்றாவாள். பிலிப்பைன்ஸின் கிமாராஸ் தீவின் கரையில் கருவாடு உலர்த்தி வந்த அவள், இப்போது கிராம மன்றத்தின் தற்காலிகச் செயலாளர்; ஊராருக்கு 'மானாங்', அதாவது அக்கா. அப்பதவி அவளுக்கே நிலைக்குமா, அல்லது மன்றத் தலைவியின் அக்காள் மகனும், பட்டதாரியும், சென்ற ஆண்டு பதிவேடு எழுதியவனுமான ரோடெலுக்குப் போகுமா என்பது அன்று காலை முடிவாகவிருந்தது.

மன்றத்தின் பதிவேடு ஆங்கிலத்தில் எழுதப்படுவது வழக்கம். எங்கள் இலோங்கோ மொழியிலோ ஆணுக்கும் பெண்ணுக்கும் 'சியா' என்ற ஒரே சொல் போதும். ஆகவே இங்கே படித்தவர்களும் மனைவியை 'ஹீ' என்று சொல்லிவிட்டுச் சிரித்து மழுப்புவார்கள். பெர்லிட்டா மழுப்பவில்லை. ஆணைப் பற்றி எழுதும்போது நீலத் துணிக்கவ்வியையும், பெண்ணைப் பற்றி எழுதும்போது சிவப்புக் கவ்வியையும் சட்டை நுனியில் மாட்டிக்கொண்டு எழுதப் பழகினாள்.

அன்றைய வழக்கு ஓஃபேலியாவுக்கும் அவள் தம்பி டொமெங்குக்கும் உரியது. தந்தை விட்டுச்சென்ற படகில், மரக்கூடு தம்பிக்கு, எஞ்சின் அக்காளுக்கு என்று சமரசமாயிற்று. பெர்லிட்டா அதை எழுதி, எழுந்து நின்று, உரக்க வாசித்தாள். அனைவரும் தலையாட்டினர்.

"ஐயோ மானாங், உங்க இங்கிலீஷ்ல எனக்கு மூக்குல ரத்தம் வருது!" என்று, ஆங்கிலம் தலைக்கு மிஞ்சினால் ஊரார் சொல்லும் கேலியைச் சொன்னான் டொமெங். "பேனாவக் குடுங்க, போட்டுட்டுப் போறேன்."

"என்ன புரிஞ்சுது?" என்றாள் பெர்லிட்டா.

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"இங்கிலீஷ்னு புரிஞ்சுது."

மன்றம் சிரித்தது. ஆங்கிலத் தாள் புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, இப்படிச் சிரித்தபடியே கையெழுத்திடுவதுதான் ஊர்ப் பழக்கம். பெர்லிட்டா பேனாவைக் கொடுக்கவில்லை.

"எல்லாரும் படகுக்கு வாங்க."

"அஞ்சு நிமிஷ வேலைக்கு மானாங் ஊர்வலம் கூட்டிட்டுப் போறாங்க பாருங்க!" என்றான் ரோடெல்.

கரையில் கிடந்த படகின் கூட்டில் நீலக் கவ்வியையும், எஞ்சினில் சிவப்புக் கவ்வியையும் மாட்டினாள். ஒவ்வொரு வரியாக வாசித்து, பொருளைத் தொட்டுக்காட்டி, இலோங்கோவில் சொன்னாள். நான்காம் வரியில் அவள் குரல் நின்றது. விரல் சிவப்புக் கவ்வியின்மேல் இருந்தது. தாளிலோ 'ஹெர்' என்பதற்குப் பதில் 'ஹிஸ்' என்றிருந்தது.

அதை வேறு எவரும் அறியவில்லை. அவள் வாய்திறவாமல் இருந்தால் பதவி கைகூடும்.

"நாலாவது வரி தப்பு," என்றாள். "நான்தான் தப்பா எழுதிட்டேன். இப்படியே கையெழுத்துப் போட்டிருந்தா எஞ்சினும் டொமெங்குக்குப் போயிருக்கும்."

"அடப்பாவி, அதுக்குத்தான் பேனாவுக்குப் பறந்தியா?" என்று பாய்ந்தாள் ஓஃபேலியா.

"நான் என்னத்தக்கா கண்டேன்? எனக்குத்தான் மூக்குல ரத்தம்னு அப்பவே சொன்னேனே!"

ரோடெல் முன்னே வந்தான். "பாத்தீங்களா சித்தி? தப்பு பண்ணினத அவங்களே ஒத்துக்கறாங்க. போன வருஷம் நான் எழுதினப்போ ஒருத்தராவது தப்பு சொன்னாங்களா?"

தலைவி குனிந்து எஞ்சினிலிருந்த சிவப்புக் கவ்வியைத் தொட்டுப்பார்த்தாள்.

"சொல்லல. ஏன்னா ஒருத்தருக்கும் புரியல. நானும் சும்மாதான் தலையாட்டினேன்," என்றவள், மன்றத்தின் முத்திரையைப் பையிலிருந்து எடுத்துப் பெர்லிட்டாவின் கையில் வைத்தாள். "போன வருஷத்துத் தாளையெல்லாம் நாளைக்கு எடு, மானாங். கவ்வியும் கொண்டா."

பெர்லிட்டா 'ஹிஸ்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'ஹெர்' என்று எழுதினாள். அத்திருத்தத்தின் அருகே அக்காளும் தம்பியும், என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிந்தே, கையெழுத்திட்டனர். எஞ்சினிலிருந்து சிவப்புக் கவ்வியை எடுத்துத் தன் கழுத்துப்பட்டையில் மாட்டிக்கொண்டு, 'செயலாளர்' என்ற சொல்லுக்கு எதிரே பெர்லிட்டா தன் முழுப் பெயரை எழுதி, முத்திரையை அழுத்திப் பதித்தாள்.