சொல்லிக் கொடுக்காத கஞ்சி

ஆரஞ்சுத் தோலை இடுக்கியால் பிடித்து நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தபோதுதான், இதைத் தனக்கு யார் சொன்னது என்ற யோசனை அவளுக்கு வந்தது. ஓரம் கருகியதும் தோலைக் கோதுமை நொய்க்குள் போட்டு மூடினாள். மூடியில் கோத்த நீரைப் பாத்திரத்துக்குள்ளேயே தட்டினாள். கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொன்னது யாருமில்லை.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி முன்பு அப்பாவுடையது. அவருக்குப் பிறகு அண்ணனுடையது. லேத் பட்டறையில் இரும்பு கடைந்த கையால் முப்பது வருடம் வைத்தார், அதுவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. தையல்காரியான தங்கை எத்தனையோ தடவை கெஞ்சியும் பக்குவத்தைச் சொன்னதில்லை. கட்டிய மனைவிக்கே அவள் சாகும்வரை சொல்லாத மனிதர்.

நிமோனியாவில் படுத்தவர் தேறி நேற்றுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் தானே எழுந்து சவரம்கூடச் செய்துகொண்டார். துணைக்கு வந்திருந்த தங்கை, வாய்க்குச் சூடாக ஏதாவது கொடுக்கலாமே என்றுதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கிண்ணத்தை முன்னால் வைத்தாள். அவர் மணத்தை இழுத்தார். கரண்டியைத் தொடவில்லை.

"வாலு, இத யாரு சொல்லிக் குடுத்தா?"

ஐம்பத்திரண்டு வயதிலும் அவருக்கு அவள் வாலுதான்.

"யாரும் இல்லண்ணா. கை பாட்டுக்குப் பண்ணுச்சு. ஏன், நல்லா இல்லையா?"

"நீயே ஒரு வாய் குடிச்சுப் பாரு."

குடித்தாள். அப்பா வைத்த கஞ்சி. இம்மியும் பிசகவில்லை.

"எனக்கும் யாரும் சொல்லித் தரல," என்றார் அண்ணன். "அப்பா போன அன்னைக்குக் காலைல நான்தான் வச்சேன். மனுஷன் நல்லாத்தான் உக்காந்திருந்தாரு. மோந்து பாத்துட்டு, 'உனக்கு வந்துடுச்சா'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

அவள் கிண்ணத்தை எடுக்கப் போனாள். அவர் விடவில்லை.

"கொட்டிடலாம்ண்ணா. நான் போய் ரொட்டி வாங்கிட்டு வரேன்."

"வச்சாச்சு. இனிமே கொட்டி என்ன ஆகப்போகுது? முப்பது வருஷமா என் கையால நானே குடிச்சேன். இன்னைக்காவது இன்னொருத்தர் கையால குடிக்கிறேன், விடு."

நிதானமாகக் குடித்தார். பட்டறைச் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு அவள் தண்ணீர் கொண்டுபோனபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை, சாவுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த அவளுடைய மகள் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"அம்மா, மாமா வைக்கிற மாதிரி கஞ்சி வச்சுப் பாக்கட்டுமா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத் தோணுற மாதிரி வைக்கிறேன்."

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவள், கூடத்துக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். உள்ளே பாத்திரம் உருண்டது. மூடி விழுந்தது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை.

மகள் கிண்ணத்தோடு வந்தாள். கஞ்சி அடிப்பிடித்திருந்தது. நொய் வேகவில்லை. உப்பு கரித்தது.

"ரொம்ப மோசமாம்மா?"

அவள் கடைசி வாய்வரை குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றும்படி கிண்ணத்தை நீட்டினாள்.