ஒரிஜினல் கையில் இருந்த காலை

அன்று கருத்தரங்கக் கூடத்தில் இருந்தவர்கள்:

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக் குழு, மூன்று பேர். தலைவர் ஒரு அம்மாள். காட்டன் புடவை, தடித்த கண்ணாடி. தட்டில் வைத்த முந்திரியைத் தொடவில்லை.

தாளாளர் முத்திருளன். கல்லூரி அவருடையது.

செல்வக்குமார், வணிகவியல் துறைத் தலைவர். ஏசி ஓடியும் வேர்த்துக்கொண்டிருந்தார்.

அப்சானா, அதே துறையில் உதவிப் பேராசிரியர். கடைசி வரிசை.

அன்னக்கொடி, அலுவலகக் கண்காணிப்பாளர். இடுப்பில் பீரோ சாவி. முன்கதவை மறித்து நாற்காலி போட்டு, காலடியில் ஒரு ஆப்பிள் அட்டைப்பெட்டியை வைத்திருந்தார்.

துறையின் மற்ற ஆசிரியர்கள். அதில் பாதிப் பேர் நிஜம்.

மீதிப் பாதியில் ஒருவன் நான், அழகுபாண்டி. காகிதத்தில் உதவிப் பேராசிரியர். உண்மையில் பிஎச்.டி.யைப் பாதியில் விட்டவன். ஆனையூரில் ஒரு கம்பெனியில் இரவெல்லாம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறேன். ஆய்வு வரும் நாளில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்து தலைக்கணக்கைச் சரிசெய்வேன். இதில் எனக்கு வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது.

திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது அந்தக் கல்லூரி. அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆசிரியரின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிவிடுவார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து கடைசிப் பட்டம்வரை எல்லாம். “சரிபாத்துட்டுத் தர்றோம்” என்பார்கள். இரும்புப் பீரோவுக்குள் போகும். சரிபார்ப்பது ஒருநாளும் முடியாது. வேறு வேலை கிடைத்தாலும் ஒரிஜினல் இல்லாமல் எங்கே போவது? அதனால் யாரும் போக மாட்டார்கள். ஆசிரியர் அறையில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். பாடம் நடத்துவதும் அப்படித்தான். பழைய நோட்ஸை வாசிப்பார்கள், மணி அடித்தால் எழுந்து போவார்கள். பையன்கள் தூங்குவார்கள். யாருக்கும் யார்மேலும் புகார் இல்லை.

ஆய்வு நாளில் மட்டும் பீரோ திறக்கும். ஒவ்வொரு ஆசிரியரும் ஒரிஜினலைத் தன் கையால் குழுவிடம் காட்ட வேண்டும் என்பது விதி. காட்டி முடித்துத் தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழு சாப்பிடப் போனதும் பைலை ஆப்பிள் பெட்டியில் போட்டால்தான் அன்னக்கொடி வாசலை விடுவார்.

அப்சானாவும் நானும் எம்.காம். ஒரே வகுப்பு. காலையில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். கண் பளபளத்தது.

“பாண்டி, எனக்கு எய்டட் காலேஜ்ல கெடைச்சிருச்சுடா. டவுனுக்குள்ளயே.”

“சொல்லவே இல்ல?”

“எப்படிச் சொல்ல? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரிஜினலக் காட்டணும். இல்லேன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க. மூணு வாட்டி தாளாளர்கிட்டக் கேட்டேன். ‘வருஷம் முடியட்டும்மா’ங்கறாரு.”

“கேஸ் போடு.”

“போட்டா நான் ரிட்டயர் ஆகுறப்பத் தீர்ப்பு வரும். கெட்ட நேரத்துல ஜோக் அடிக்காத.”

“குழுக்கிட்டச் சொல்லு.”

“சொன்னா காலேஜுக்கு அங்கீகாரம் போயிரும், எல்லாருக்கும் வேல போயிரும். அப்புறம் இந்த டிபார்ட்மென்ட்டே எனக்கு எதிரா சாட்சி சொல்லும். நீ உட்பட.”

“நான் ஒருநாள் சாட்சி. எனக்கென்ன?”

சிரித்தாள். பிறகு கூடத்தின் பின்கதவைக் காட்டினாள். அது சைக்கிள் ஸ்டாண்டில் திறக்கும். அவள் கணவர் தவ்பீக் பத்து மணியிலிருந்தே அங்கே பைக்கோடு நிற்கப்போகிறார். கதவுக்கு உள்பக்கம் பூட்டு. கூடம் வணிகவியல் துறையின் பொறுப்பு என்பதால் சாவி செல்வக்குமாரிடம்.

“கேட்டியா?”

“கேட்டேன். ‘என்ன விட்டுரும்மா, என்னோடதும் பீரோக்குள்ளதாம்மா கெடக்கு’ன்னு கும்பிட்டாரு. தல நரைக்கறதுக்கு முன்னாடி உள்ள போனதாம் அது. அவரு சேந்த புதுசுல பக்கத்துக் கிளாஸ் பசங்க ஜன்னல்ல நின்னு பாடம் கேப்பாங்களாம். இந்தாளா அந்தாளு?”

இப்போது கூடத்தில் செல்வக்குமார் தன் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். குழு அவர் சான்றிதழ்களைப் பார்த்து முடித்தும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார். அப்சானாவின் பைலும் பார்த்தாயிற்று. அவள் கடைசி வரிசைக்குத் திரும்பி, பின்கதவுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில். அவள் முழங்கால் ஆடியது என் நாற்காலியில் தெரிந்தது.

“காகிதம் எல்லாம் சரி” என்றார் தலைவர் அம்மாள். “ஒரு வகுப்பு பாக்கணும். இங்கயே. ஸ்டூடண்ட்ஸக் கூப்பிடுங்க.”

தாளாளர் இதை எதிர்பார்க்கவில்லை. “சாப்பாடு ரெடியா இருக்கு மேடம். நாட்டுக்கோழி.”

“அது ஓடிப் போயிராதுல்ல?”

இரண்டாம் ஆண்டு பி.காம். பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். தாளாளர் செல்வக்குமாரின் காதருகே குனிந்து, எங்களுக்கும் கேட்கும்படி, “யோவ், சொதப்புன, தொலைச்சுருவேன்” என்றார்.

வணிகச் சட்டம். செல்வக்குமார் பழுத்துப்போன நோட்ஸை எடுத்தார். “பெய்ல்மென்ட். அதாவது ஒப்படைப்பு. ஒருவர் தமது பொருளை ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்காக மற்றொருவரிடம்...” குரல் தரையில் ஊர்ந்தது. முன் வரிசையிலேயே ஒருவன் கொட்டாவி விட்டான்.

தலைவர் அம்மாள் கையைத் தூக்கினார். “சார், அது இல்லாம நடத்துவீங்களா?”

செல்வக்குமார் நோட்ஸைப் பார்த்தார். தாளாளரைப் பார்த்தார். கக்கத்துப் பைலைக் கையில் எடுத்து அதையும் பார்த்தார். பிறகு நோட்ஸை மேசையில் போட்டுவிட்டுப் பைலோடு பிள்ளைகளுக்கு நடுவே இறங்கினார்.

“எந்திரிப்பா. சட்டை எங்க தச்ச?”

“திருமங்கலத்துல சார்.”

“துணியக் குடுத்த. அவர் தச்சுட்டாரு. துணி யாருது?”

“என்னுது சார்.”

“டெய்லர் நல்லாருக்குன்னு அவரே போட்டுக்கிட்டா?”

“அவருக்குப் பத்தாது சார். தொப்பை.”

கூடம் சிரித்தது. செல்வக்குமாரும் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. பைக் ஸ்டாண்டு டோக்கன் வந்தது, லாண்டரிக்காரர் வந்தார், கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய நகை வந்தது. ஒவ்வொன்றையும் பிள்ளைகள் பாய்ந்து பிடித்தார்கள். கொட்டாவி விட்ட பயல் நாற்காலியில் பாதி எழுந்து நின்றான். எனக்கு ராத்திரி ஷிப்ட் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜன்னலில் பக்கத்து வகுப்புத் தலைகள் முளைத்தன.

“வேலை முடிஞ்சதும் பொருளத் திருப்பித் தரணும். கேட்டாத்தான் தரணுமா?”

“ஆமா சார்!”

“இல்ல! கேக்கவே வேணாம். நோக்கம் முடிஞ்சா, தானாத் தரணும். சட்டம் அம்புட்டுத் தெளிவு.”

திவ்யா என்ற பெண் கையைத் தூக்கினாள். கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. “சார், சேரும்போது சரிபாக்கணும்னு எங்க பிளஸ் டூ மார்க் ஷீட்ட வாங்குனாங்களே. அதுவும் பெய்ல்மென்ட்டா?”

அப்சானாவின் முழங்கால் ஆட்டம் நின்றுவிட்டது.

செல்வக்குமார் தாளாளரைத் திரும்பிப் பார்த்தார். தாளாளர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

“ஆமாம்மா” என்றார் செல்வக்குமார். “அதேதான்.”

“அப்பத் திருப்பித் தரணும்ல சார்?”

“சரிபாத்து முடிச்ச அன்னிக்கே.”

தாளாளர் எழுந்தார். “நேரமாச்சு மேடம், சாப்பாடு ஆறுது.”

“ஆறட்டும் சார். உக்காருங்க.” தலைவர் அம்மாள் பேனாவைத் திறந்து குனிந்து எழுதத் தொடங்கினார். “தரலேன்னா என்ன? சொல்லுங்க சார், பிள்ளைங்க காத்திருக்காங்க.”

“தரலேன்னா நஷ்டஈடு, கோர்ட்டு, எல்லாம் இருக்கு மேடம்.” செல்வக்குமார் வரிசைகளுக்கு இடையே நடந்துகொண்டே பேசினார். எங்கள் பக்கமாக. “ஆனா இன்னொரு நெலம இருக்கு. பொருள் எப்படியோ சொந்தக்காரர் கைக்கே வந்துருச்சு. இப்ப அவர் என்ன செய்யணும்?”

“எடுத்துட்டுப் போயிரணும் சார்!”

“யார்கிட்டக் கேக்கணும்?”

“யார்கிட்டயும் வேணாம் சார்!” ஜன்னலிலிருந்தும் பதில் வந்தது.

“செஞ்சே பாத்துருவோம்.” பைலை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களுக்கு நேர் முன்னால் நின்றார். நெற்றி முழுக்க வேர்வை. கால்சட்டைப் பைக்குள் விட்ட கை வெளியே வந்தபோது சாவி இருந்தது. “அப்சானா மேடம், எந்திரிங்க. கையில என்ன?”

அவள் எழுந்தாள். “என் சர்டிபிகேட் சார். ஒரிஜினல்.”

“யாருது?”

“என்னுது.”

“சத்தமா!”

“என்னுது சார்!”

பூட்டு உடனே திறக்கவில்லை. துரு. நான் எழுந்துபோய்ப் பூட்டைப் பிடித்துக்கொண்டேன். செல்வக்குமார் திருகினார். கழன்றது. தாழை இழுத்ததும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. பின்னால் முன்வாசலில் அன்னக்கொடி “ஏம்மா! ஏம்மா!” என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் ஆப்பிள் பெட்டி சரிந்தது. ஓடிவர முடியவில்லை. நடுவே பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது பாடம். தாளாளர் வாயைத் திறந்தார். தலைவர் அம்மாள் கண்ணாடிக்கு மேலே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளாளரும் கைதட்ட வேண்டியதாயிற்று.

தவ்பீக் வெளியே பைக்கை உதைத்துக் கிளப்பினார். அப்சானா வாசலைத் தாண்டினாள். தாண்டியதும் திரும்பினாள்.

“சார், நீங்களும் வாங்க. உங்களதும் கையிலதான இருக்கு.”

செல்வக்குமார் கக்கத்துப் பைலை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“நீங்க போங்கம்மா. எனக்கு இன்னும் பாதிப் பாடம் பாக்கி.”

கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டை மாட்டி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.