திரையில் ஒட்டிய பட்டை

மிஷின் அக்கா என்ற பெயர் அவளுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தோளில் ஒரு நீலப் பை, பைக்குள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வாராவாரம் கர்ப்பிணிகள் இருக்கும் வீடாகப் பார்த்து ஏறி இறங்கும் வேலை. பெற்றவள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள்.

அந்தக் கருவியில் ஒரு விசேஷம் உண்டு. எண்கள் தெரிய வேண்டிய திரையின்மேல் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும். கையில் துணியைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் அது உறுமும், கையை இறுக்கும், பிறகு அடங்கி, எண்ணைத் தானாகவே ஆராய்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். அளக்கிறவளுக்கும் தெரியாது, கையை நீட்டியவளுக்கும் தெரியாது. ஏழைத் தாய்மாருக்கு வரும் இரத்த அழுத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சி அது. குலுக்கல் போட்டுத் தெருக்களைப் பிரித்திருந்தார்கள். சாக்கடைக்கு அந்தப் பக்கத் தெருவில் எண் ஏறினால் ஆஸ்பத்திரியிலிருந்து உடனே போன் வரும். இந்தப் பக்கத் தெருவுக்கு வராது. போன் போட்டால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, போன் போடாத தெரு ஒன்றும் வேண்டுமாம். அந்தப் பாக்கியம் இந்தத் தெருவுக்கு வாய்த்தது.

யாரையும் ஏமாற்றிச் சேர்க்கவில்லை. "நாங்க பாக்க மட்டும்தான் செய்வோம், ஆஸ்பத்திரிக்கு நீங்க வழக்கம்போல போய்க்கணும்" என்று மிஷின் அக்காவே ஒவ்வொரு வீட்டிலும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். பெண்களும் தலையாட்டினார்கள். ஆனால் வாராவாரம் வீடு தேடி வந்து, "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டு, கையில் மிஷினைச் சுற்றுகிறவள் வைத்தியம் பார்க்க வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நிற்பானேன் என்று ஒவ்வொருத்தியாக அங்கே போவதை நிறுத்தினாள். அலுவலகத்துக்கு அது தெரியும். அதையும் ஒரு தகவலாக எழுதி வைத்துக்கொண்டார்கள்.

தெருக்கோடி வீட்டில் மிஷின் அக்காவின் நாத்தனார் இருந்தாள். கணவனுக்கு ஒரே தங்கை. தலைப்பிரசவம், எட்டாம் மாதம். அன்று இவள் போனபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என்னடி இது, மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?"

"தலைவலி அண்ணி. மண்டையப் பொளக்குது. வெளிச்சத்தைப் பாத்தா கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது."

"எப்பலேருந்து?"

"போன தடவை நீங்க வந்துட்டுப் போனதுலேருந்தே."

"ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள். "எதுக்கு? அதான் நீங்க மிஷின் வெச்சுப் பாத்தீங்களே. ஏதாவது இருந்தா சொல்லியிருக்க மாட்டீங்களா?"

மிஷின் அக்கா அவள் கையில் துணியைச் சுற்றினாள். கருவி உறுமி அடங்கியது. வாசலுக்கு வந்து, ஆராய்ச்சிக்குத் தலைவியான டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், இப்ப வந்த நம்பர் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க. என் நாத்தனார். முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"அந்தத் தெரு நம்பரை நானே பாக்கக் கூடாதும்மா. ஆராய்ச்சி முடிஞ்சப்புறம்தான் திறப்போம். சந்தேகமா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். யார் வேண்டாங்கறது?"

யார் வேண்டாங்கறது! அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. உள்ளே போய் நகத்தை விட்டுப் பட்டையை உரித்தாள். லேசில் வரவில்லை, பசை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். திரையில் எண் நூற்று எண்பதைத் தாண்டி நின்றது. இப்படி ஓர் எண்ணைக் கண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் இதே புண்ணியவான்கள்தான்.

கிடைத்த வண்டியில் நாத்தனாரை ஏற்றிக்கொண்டு பறந்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. அறுத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. மூச்சு இல்லை. தாய் மட்டும் பிழைத்தாள்.

"இது நேத்து இன்னைக்கு ஏறின பிரஷர் இல்லம்மா. இவ்வளவு நாளா யாருமே பாக்கலியா?" என்று கேட்டாள் வார்டு நர்ஸ்.

"பாத்தோம்," என்றாள் மிஷின் அக்கா. "வாராவாரம் பாத்தோம்."

மறுநாள் டாக்டரம்மா அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா பட்டையை நீங்க உரிச்சிருக்கக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள்தான். முடிவு வந்துட்டா எத்தனையோ ஊர்ல எத்தனையோ தாய்மாரைக் காப்பாத்தலாம். வேற மிஷின் தரேன்."

"அந்தத் தாய்மாருங்க எங்க இருக்காங்க மேடம்? என் நாத்தனார் இங்கதான் இருந்தா. அவ வயித்துல ஒரு உசுரும் இருந்துச்சு."

டாக்டரம்மா மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மிஷின் அக்கா. "ஒரு தடவை எங்க தெருவுக்கு வாங்க. நம்பர் ஏறினாலும் நாங்க சொல்ல மாட்டோம், நீங்க பாட்டுக்குச் செத்துப்போனாலும் எழுதி வெச்சுக்குவோம்னு, உங்க வாயால, அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் மறுபடியும் பையத் தூக்கறேன்."

"அப்படிச் சொன்னா ஒருத்தியாவது கையை நீட்டுவாளா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது டாக்டரம்மாவுக்கே காதில் விழுந்தது.

"அது தெரிஞ்சுதானே, அவங்க முகம் பாத்துச் சிரிக்க என்னை அனுப்பினீங்க?"

நீலப் பையை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அந்த அம்மாள்மேல் வந்த கோபம் பாதி, இத்தனை காலம் இனிக்க இனிக்கப் பேசிய தன் நாக்கின்மேல் வந்த கோபம் மீதி.

தெருமுனை வீட்டில் நிறைமாதக்காரி ஒருத்தி வாசலிலேயே காத்திருந்தாள். இவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"கேள்விப்பட்டேன்கா. நீங்க மிஷின் வெச்சுப் பாத்ததாலதான் உங்க நாத்தனார் உசுராவது தப்பிச்சுதாமே. தெருவே அதைத்தான் சொல்லுது. நம்ம நல்ல நேரம், மிஷின் நம்ம தெருவுக்கு வந்துச்சு." சொல்லிக்கொண்டே கையைத் துடைத்து நீட்டினாள். "எனக்கும் காலையிலேருந்து தலை வலிக்குது. பாருங்கக்கா. பை எங்க?"

மிஷின் அக்கா அந்தக் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்தாள்.

"செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"மிஷின் வெக்கலியாக்கா?"

"கிளம்புன்னா கிளம்புடி" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியும் வெளியே வந்தாள். அவள் பழக்க தோஷத்தில் கையை நீட்டிக்கொண்டே வந்தாள்.