சேனை வைக்கும்வரை

குழந்தை அழுதுகொண்டிருந்தவரை ரெபேக்காளுக்குப் பயமில்லை. பதினோரு மணிக்கு மேல் சத்தம் நின்றதும்தான் பயம் வந்தது.

"பாத்தியா, அடங்கிடுச்சு. சமத்துப் புள்ள," என்றாள் குழந்தையின் பாட்டி தெய்வநாயகி.

அழத் தெம்பில்லாமல் போனதற்குச் சமத்து என்று பெயர் வைத்தால் என்னத்தைச் சொல்ல? ரெபேக்காள் புழக்கடையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். செங்கல்பட்டில் ஆபீஸ் போட்டிருந்த தாய்சேய் நலச் சங்கத்தின் ஊழியர் அவள். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி ஆறு கிராமம், ஒன்பது வருஷ நடை. காலனிக்காரி என்பதால் இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. இரும்புச்சத்து மாத்திரையைப் படியில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பாள், கர்ப்பிணி வந்து எடுத்துக்கொள்வாள். சங்கத்தில் ஒருமுறை இதைச் சொல்லிப் பார்த்தாள். ஊர் வழக்கத்தோடு முட்டிக்கொள்ளாதே, நமக்கு வேலை நடந்தால் சரி என்று மேற்பார்வையாளர் நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு மேல் பேச அவளுக்கும் அலுப்பாக இருந்தது.

தெய்வநாயகியின் மருமகள் கல்யாணிக்கு விடியற்காலையில் வலி கண்டது. கார் வருவதற்குள் வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. சர்க்கார் நர்ஸ் வந்து தொப்புள்கொடியை அறுத்து, உடனே பால் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த பிரசவத்துக்கு ஓடினார். ஆனால் சேனை வைக்காமல் சொட்டுப் பால் கூடாது என்று தெய்வநாயகி ஒரே பிடியாக நின்றாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். வைக்க வேண்டியவர் அவள் தம்பி ஜானகிராமன், கல்பாக்கத்தில் ஆபீசர். டூட்டி முடிந்து, புதுப்பட்டினத்தில் பஸ் பிடித்து வந்து சேரச் சாயங்காலமாகும்.

தெய்வநாயகியைக் கல்மனசுக்காரி என்றும் சொல்லிவிட முடியாது. கல்யாணியின் முதல் பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. அங்கே கைக்குக் கிடைத்த யாரோ சேனை வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் குழந்தை போய்விட்டது. அது குறைமாசத்தில் பிறந்ததை யாரும் பேசவில்லை, சேனை வைத்த கையைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள். இந்த முறை மருமகளைத் தாய்வீட்டுக்கே அனுப்பவில்லை.

ரெபேக்காள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். சீம்பால்தான் முதல் மருந்து என்றாள், கெஞ்சினாள். தெய்வநாயகி காதிலேயே போட்டுக்கொள்ளாமல், தம்பிக்கு இன்னொரு முறை போன் பண்ண எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பின்னறையிலிருந்து கல்யாணியின் குரல் வந்தது.

"அக்கா, புள்ளைக்குக் கை காலெல்லாம் சில்லுனு கீது. பயமா கீதுக்கா."

அதற்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? ரெபேக்காள் உள்ளே போய்விட்டாள். குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கி, தாயின் வெறும் மார்பில் ஒட்டப் போட்டு, மேலே புடவையைப் போர்த்தினாள். உள்ளங்காலைச் சுண்டிவிட்டாள். முதலில் வாயே திறக்கவில்லை. கல்யாணி விசும்ப ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை சுண்டியபோது குழந்தை முகத்தைச் சுளித்து, மார்பைப் பற்றிக்கொண்டது. "ஆண்டவரே" என்று தரையில் உட்கார்ந்தாள் ரெபேக்காள். தெருவாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும்தான் எழுந்து புழக்கடைக்குப் போனாள்.

ஜானகிராமன் நாலரை மணிக்கு வந்தார். கை கால் கழுவி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்தார். நடுவில் தெய்வநாயகி பார்க்காதபோது இன்னும் இரண்டு தடவை குடித்திருந்த குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைவாயில் பால் வழிந்தது.

"யார்டி பால் குடுத்தது?" என்றாள் தெய்வநாயகி.

"நாந்தான் அத்தை. தூக்கி மார்ல போட்டது ரெபேக்காக்கா. உள்ள வந்துதான் போட்டாங்க."

ஜானகிராமன் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். இந்தக் காலத்தில் இதெல்லாம் யார் பார்க்கிறார்கள், விடுக்கா என்றார். சொல்லிக்கொண்டே பாயைவிட்டு எழுந்து தள்ளி நின்றார்.

தெய்வநாயகி விடவில்லை. கிணற்றடியில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குத் தலைமுழுக்காட்டினால்தான் தீட்டுப் போகும் என்றாள். ரெபேக்காள் படியேறி வந்து அறை வாசலை மறித்து நின்றாள்.

"வூட்டக் கழுவிக்கோங்கம்மா. என்னை இன்னா வேணா திட்டிக்கோங்க. புள்ள மேல தண்ணி படக்கூடாது. ரெண்டு கிலோகூட இல்ல, உசுரு பூடும்."

தெய்வநாயகி வாளியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். முதல் பிள்ளையைப் புதைக்கத் துணி சுற்றிக் கொடுத்தவள் அவள்தான். கல்யாணி குழந்தையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"தரமாட்டேன்," என்றாள், சுவரைப் பார்த்தே.

வாளியைக் கீழே வைத்த தெய்வநாயகி பிறகு வீட்டைத்தான் கழுவினாள். அறைத் தரை, நடை, புழக்கடைப் படி, ரெபேக்காள் கை வைத்த நிலைக்கதவு எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். விளக்கு வைக்கும் நேரம்வரை கழுவினாள். அந்த வீட்டில் ரெபேக்காள் தொட்டவற்றில் தெய்வநாயகி கழுவாமல் விட்டது தாயையும் பிள்ளையையும்தான். அவர்கள் இருவரும் ஒரே புடவைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.