கீழே இழுத்த தட்டு

மூன்று நாளாக மஸாஹிரா தன் கணினி நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தாள்.

இரத்தம் உறையும்போது அதற்குள் மெல்லிய நார்வலை ஒன்று உண்டாகிறது. வலைக்கண்கள் எல்லாம் தண்ணீரால் நிறைந்திருக்கும். அப்படியான ஜெல்லை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து மெல்லத் திருகினால் என்ன நடக்கும் என்று கணக்கிடுவதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. இறப்பராக இருந்தால் மேல்தட்டை மேலே தள்ளும். அவளுடைய கணக்கோ, முதலில் தள்ளும், ஆறாவது நிமிடத்தில் தட்டைக் கீழே இழுக்கத் தொடங்கும் என்றது.

எங்கோ குறி மாறிவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். பிழை இல்லை. நாலாம் நாள் காலையில் தேநீரைக் கையில் எடுத்தபோது திடீரென்று திவாகரனின் நினைவு வந்தது. கோப்பையை அப்படியே வைத்துவிட்டாள்.

பதினாறு வருஷத்துக்கு முன் இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி மாணவர்கள். அவள் அக்குறணையிலிருந்து வருவாள், அவன் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து. அவன் அளப்பான், அவள் கணக்குப் போடுவாள். இருந்தது ஒரே ஒரு பழைய கருவி. அது சூடாக அரைமணி நேரம் பிடிக்கும். அதுவரை ஜன்னலடியில் நின்று, குரங்குகள் யாருடைய சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கப்போகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் உம்மா கட்டிக்கொடுத்த சோற்றில் பாதி அவனுக்கு. அவனுடைய ரொட்டியும் கட்டச் சம்பலும் அவளுக்கு. ஒரு பெருநாளைக்கு அடுத்த நாள் அவள் கொண்டுபோன தேங்காய்ப்பால் இனிப்பான வட்டலப்பத்தை விரலால் தொட்டு ஆட்டிவிட்டு, "இதையும் தட்டுக்கு நடுவில வச்சு அளந்து பாப்போமா?" என்று கேட்டான். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஒருநாள் ஜெல்லைத் திருகி விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவன் மழையில் மாட்டிக்கொண்டான். திரும்பி வந்து பார்த்தால், கருவி கழித்தல் குறியைக் காட்டிக்கொண்டிருந்தது. தட்டைக் கீழே இழுக்கிறது! மறுபடி மறுபடி, நாலு தரம் அளந்தான். நாலு தரமும் அதேதான்.

"ரெண்டு நிமிஷத்தில அளவை எடுக்க வேணும். அதுக்குப் பிறகு வாறதெல்லாம் கருவிப் பிழை" என்றார் பேராசிரியர்.

"தண்ணி வெளிய போக நேரம் வேணும் சேர்" என்றான் திவாகரன்.

அந்த அளவுகளின் அட்டவணையைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மஸாஹிராவிடம்தான் பேராசிரியர் சொன்னார். கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தவள் அவள். எடுத்துவிட்டாள். நாலு தரம் அளந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவளும் அவள்தான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் திவாகரன் ஆசிரியர் நியமனம் பெற்று ஊரோடு போய்விட்டான். அவள் ஏன் என்று கேட்கவுமில்லை.

அந்தச் சனிக்கிழமை வத்தேகம தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறினாள். பன்விலவில் இறங்கிக் கணக்குப் படிப்பிக்கும் திவாகரன் சேரின் வீடு எது என்று கேட்டதும் கடைக்காரர் கைகாட்டினார்.

"அடடே, மஸாஹிரா! வாங்க, உள்ள வாங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டான் திவாகரன். தலை பாதி நரைத்திருந்தது. அவன் மனைவி நிலூஷா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"திவாகரன், உங்கட மைனஸ் சரிதான்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"இழுபடுற நார் விறைக்குது. அமுக்கப்படுற நார் நூல் மாதிரி மடங்கிப் போகுது. அதனால வலை முழுக்க உள்ளுக்குச் சுருங்கப் பார்க்குது. உள்ள இருக்கிற தண்ணிதான் விடுதில்ல. அது கசிஞ்ச பிறகு தட்டைக் கீழ இழுக்குது."

"அதத்தானே அன்னைக்குச் சொன்னேன்."

"சொன்னீங்க. நான்தான் வாய் தொறக்கல்ல. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

திவாகரன் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினான். "வேலைக்கு வந்தது அதனால இல்லைங்க. அப்பாவுக்கு முடியாமப் போச்சு, அதான். ஆனா உங்க மேல கோவம் இருந்திச்சு. இல்லன்னு சொன்னா பொய்."

அவள் தலையை ஆட்டினாள். அவனுடைய பழைய அளவுகள் இருக்கின்றனவா என்று கேட்டாள்.

"மண்சரிவு வந்த வருஷம் நாங்க இருந்த லயத்து வீட்டோட போயிருச்சு."

"அப்படீன்டா திரும்ப அளப்போம். வாறீங்களா?"

பாடசாலை விடுமுறை தொடங்கிய அன்றே அவளுடைய ஆய்வுகூடத்துக்கு வந்துவிட்டான். கருவி புதியது. ஜெல்லைக் கலக்கும் கை மட்டும் பழையது. ஒரு குமிழிகூட விழவில்லை. தட்டைத் திருகினார்கள். இரண்டு நிமிடம், கூட்டல். ஆறு நிமிடம், அப்போதும் கூட்டல்தான். மஸாஹிரா கடிகாரத்தைப் பார்த்தாள். பன்விலவிலிருந்து மனுசனைக் கூட்டிவந்து மறுபடியும் அவமானப்படுத்திவிட்டோமோ?

"பொறுங்க" என்றான் திவாகரன்.

பதினோராவது நிமிடத்தில் எண் பூச்சியத்துக்கு வந்தது. பிறகு கழித்தலுக்குள் இறங்கியது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அவன் பேனையை எடுத்து நேரத்தைக் குறித்தான்.

"உங்க கணக்குல வலைக்கண்ணு பெருசா இருக்கு. சின்னதாக்குங்க. தண்ணி அவ்வளவு சுகமா வெளிய போகாது."

வலைக்கண்ணின் அகலத்தைக் கால்வாசி குறைத்ததும் கணக்கும் பதினோராம் நிமிடத்துக்கு அருகில் வந்து நின்றது. அன்று மாலைவரை இன்னும் மூன்று தரம் அளந்தார்கள்.

கட்டுரை முடிந்தபோது அவன் பெயரை முதலாவதாகப் போட்டாள். பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயர் வேண்டும். பல்கலைக்கழகத்தையே போட்டுவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டாள்.

"வேணாங்க. எங்க ஸ்கூல் பேரைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, தோட்டப் பாடசாலையின் நீளமான பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். மஸாஹிரா ஒன்றும் விடாமல் தட்டெழுதினாள்.