ஏழாவது ஜோடி பெடல்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை; ஒட்டுக்கேட்டு எழுதினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் மானக்கேடு.

நான் இண்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு கடத்தூரில். சாயங்காலம் தருமபுரி பஸ் வரும்வரை, நிறுத்தத்தை ஒட்டியிருக்கும் பச்சியப்பனின் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கையில் ஃபோன் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மெசேஜ் படிப்பதுபோல் தெரியும். உண்மையில் அங்கே வருகிறவர்கள் பேசுவதைக் குறித்துக்கொண்டிருப்பேன். எழுதுகிற ஆசாமிகளிடம் இந்தத் திருட்டுப்புத்தி உண்டு.

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை, அறுபதைத் தாண்டிய ஒருவர் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. டயர் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. கடையில் நின்றிருந்தவர்கள் வழி விட்டார்கள்.

“காலு நோவாத மாதிரி ஒரு பெடல் போட்டுத் தாங்க” என்றார் அவர்.

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த விதை. மீதியில் பாதி பார்த்தது, பாதி கட்டியது. எது எதுவென்று முடிந்தவரை சொல்லிக்கொண்டே வருகிறேன்.

2

அவர் பெயர் மாதவராஜ். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘மாதவராஜ் இடது பெடலை வலப்பக்கமாகத் திருகி இறுக்கினார். அவருடைய மனதுக்குள்ளும் ஏதோ ஒன்று’

அங்கேயே விட்டுவிட்டேன். மனதுக்குள் என்ன இறுகியது என்று எனக்கே தெரியவில்லை. போதாததற்கு, இதைப் பச்சியப்பனிடம் வாசித்துக் காட்டியபோது அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சார், இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமுங்க. நீங்க சொல்ற மாதிரி திருகினா கழண்டு கையில வந்துரும்.”

(கணக்கு வாத்தியாருக்கு இது தேவைதான்.)

இரண்டாவது தொடக்கத்தில் பெடல் இல்லை, மலை இருந்தது. வத்தல்மலை மேல் மேகம், கீழே ராகிக் காடு, நடுவே ஒரு தனிமனிதன். வாசித்துப் பார்த்தேன். காலண்டர் படம். கிழித்தாயிற்று. கடைசியில், பெடலிலிருந்தே ஆரம்பிப்பது என்று முடிவுசெய்தேன். அவர் அதற்காகத்தானே வந்தார்.

3

மாதவராஜ் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் லேத் ஓட்டியவர். அங்கே இயந்திரம் பொருத்த வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன சைக்கிள் இது. தினமும் அதில்தான் வேலைக்குப் போவார். பெடல் ஒல்லியானது; தகட்டின் விளிம்பெல்லாம் பல். மேலே கால்விரலைக் கவ்விக்கொள்ள ஒரு கம்பிக்கூண்டு, அதில் ஒரு தோல்வார். கம்பெனி ஷூ போட்ட காலத்தில் அது சுகமாகத்தான் இருந்தது. ரிடையரான பிறகு ரப்பர் செருப்பு. பல் செருப்பைக் குத்தி, உள்ளங்காலையும் குத்தியது.

இங்கே ஒரு வாக்குமூலம். முதல் பிரதியில் அவருடைய மனைவி கோவிந்தம்மாளைக் கொன்றுவிட்டேன். ஒரு ஆண் தனியாக இருக்கிறான் என்றால் மனைவி செத்திருக்க வேண்டும் என்று கை தானாகவே எழுதிவிட்டது. எழுதிய வாரமே அந்த அம்மாள் அவருக்கு ஃபோன் செய்ததை நான் பெஞ்சிலிருந்து கேட்டேன். கணீரென்ற குரல். ‘மாத்திரை போட்டீங்களா’ என்று கேட்டுவிட்டு, பேரன் அழுகிறான் என்று வைத்துவிட்டார்கள். வெட்கப்பட்டு, இரண்டாம் பிரதியில் உயிர் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். மகள் பிரியதர்ஷினிக்குப் பெங்களூரில் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள கோவிந்தம்மாள் அங்கேயே தங்கிவிட்டார். ஊரில் ஆசையாகக் கட்டிய வீட்டைப் பூட்டிப்போட மனமில்லாமல் மாதவராஜ் மட்டும் வந்தார். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். நாலு வருஷம் ஆகிவிட்டது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. சண்டையாவது நடந்திருந்தால் சமாதானத்துக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

இண்டூருக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற அந்த ஊரில் எல்லோரும் அவருக்கு உறவு. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். எதிரே வருகிறவர்கள் நின்று கேட்பார்கள்: “வாங்க, எப்ப வந்தீங்க? எப்ப கெளம்பறீங்க?”

நாலு வருஷமாக இதே கேள்வி. வெளியூரில் பிழைக்கப் போனவர்களை நாங்கள் இப்படித்தான் விசாரிப்போம். அதில் தப்பே கிடையாது. முதல் வருஷம் ‘இல்லீங்க, இங்கயேதான்’ என்று சொல்லிப் பார்த்தார். ‘ஓ, அப்படீங்களா’ என்பார்கள். அடுத்த வாரம் மறுபடியும் கேட்பார்கள். இரண்டாவது வருஷத்திலிருந்து ‘பாக்கலாங்க’ என்று மட்டும் சொன்னார். சொந்த ஊரில் ஒரு ஆள் விருந்தாளியாகவே இருந்து தீர்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

4

பச்சியப்பன் முதலில் போட்டது சாதாரண ரப்பர் கட்டைப் பெடல். பால்காரர் சைக்கிளில் இருக்குமே, அகலமாக, கறுப்பாக, அதுதான்.

“உங்க வண்டிக்கு அழகு போயிருமுங்க. ஆனா காலு சொன்னபடி கேக்கும்” என்றார். “அடுத்த வாரம் வந்து எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க.”

அடுத்து வருவதை நான் கண்ணால் பார்த்தேன். சத்தியம்.

திங்கட்கிழமை காலை நான் வந்த பஸ், இண்டூருக்கு முன்னால் ஒரு சரிவில் அந்த ரேஸ் சைக்கிளைத் தாண்டியது. மாதவராஜ் சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலிலும் நின்றபடி இறங்கிக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் பலூனாக உப்பியிருந்தது. வாய் அசைந்தது. பாடினாரா, தன்னோடு பேசிக்கொண்டாரா தெரியவில்லை. முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை. கால் வலிக்கிறவன் பெடலில் எழுந்து நிற்க மாட்டான். இதற்குக் கணக்கு வேண்டாம்.

வியாழக்கிழமை கடைக்கு வந்தார்.

“காலு எப்படி இருக்குதுங்க?” என்று பச்சியப்பன் கேட்டார்.

மாதவராஜ் பெடலைக் காலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியது என்பதை நான் கட்டித்தான் சொல்ல வேண்டும். நாலு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. எப்போது போகப்போகிறாய் என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார், காலைப் பற்றியாவது கேட்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பேச்சு முடிந்தது. நன்றி சொல்லி வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

“கொஞ்சம் உறுத்துதுங்க” என்றார்.

“எந்தப் பக்கம்?”

“சுண்டுவெரல் ஓரமா.”

பச்சியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவருடைய பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, சுண்டுவிரலை அமுக்கிப் பார்த்தார். மாதவராஜ் ‘ஐயோ, வேண்டாங்க’ என்றார். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

5

அதற்குப் பிறகு பிளாஸ்டிக் பெடல். வழுக்குதுங்க. அலுமினியம். சில்லுனு இருக்குதுங்க. கியர் சைக்கிளுக்குப் போடுகிற, முள் வைத்த பட்டைப் பெடல். முள்ளு தெரியுதுங்க. ஐந்தாவதைப் பச்சியப்பன் ஃபோனில் படம் பார்த்துப் பார்த்துப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார். உள்ளங்கை அகலம், பட்டுப்போல் சுற்றியது. மாதவராஜ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அடுத்த வாரம் “முட்டி இழுக்குதுங்க” என்றார்.

கவனியுங்கள், பொய் ஏறிக்கொண்டே போகிறது. சுண்டுவிரலில் தொடங்கி முட்டிக்கு வந்துவிட்டது.

வியாழக்கிழமைகளில் அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் இருப்பார். பச்சியப்பன் கழற்றுவார், மாட்டுவார். நடுவே லேத் பற்றி, மழை பற்றி, கன்னடத்தில் கெட்ட வார்த்தைகள் பற்றிப் பேச்சு போகும். ஒருமுறை மாதவராஜ் சத்தமாகச் சிரித்தார். சிரித்த பிறகு அவரே திடுக்கிட்டதுபோல் சுற்றிப் பார்த்தார்.

அப்போது என்னிடம் கேட்டார்: “சாரு எந்த ஊருங்க?”

“கடத்தூர்” என்றேன். அவர் மேலே ஏதாவது கேட்கும் முன்பு ஃபோனைப் பார்க்கக் குனிந்துவிட்டேன். அவர் சிரித்ததைத்தான் குறித்துக்கொண்டிருந்தேன்.*

(* அடிக்குறிப்பாக வர வேண்டியது இது. ஆனால் அடியில் போட்டால் நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள். அவர் இரண்டாவது முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.)

6

ஆறாவது ஜோடியைப் பச்சியப்பன் தானே செய்தார். பழைய டயரை வெட்டி, ஓரம் சீவி, முதலில் போட்ட ரப்பர் கட்டைப் பெடல்மேல் மெத்தை மாதிரி வைத்துக் கம்பியால் தைத்திருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தாராம். அதை மாட்டும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வியாழன்.

“காலு எப்படி இருக்குதுங்க?”

மாதவராஜ் அந்தப் பெடலைப் பார்த்தார். இந்த ஒரு தடவையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். சொல்ல வந்தார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் பழகிய வாய்.

“இன்னும் கொஞ்சம் உறுத்துதுங்க.”

பச்சியப்பன் எழுந்து துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

“இனி என்னால ஆவாதுங்க” என்றார். கோபமே இல்லை. “இருபத்தாறு வருஷமா கடை வெச்சிருக்கறன். ஒரு மனுசன் காலுக்கு ஒரு பெடல் போட்டுத்தர முடியலீனா, அப்புறம் நான் என்னா வேலைக்காரன்? தருமபுரியில பெரிய கடை ஒண்ணு இருக்குதுங்க. ஃபோன் பண்ணிச் சொல்லிட்டன். நாளைக்கே போங்க. வலியோட சுத்தாதீங்க.”

“அப்படீங்களா” என்றார் மாதவராஜ். பிறகு “சரிங்க” என்றார்.

அவ்வளவுதான். மரியாதைக்கு மரியாதை. ஒருவர் பொய் சொன்னது பேச்சுத் துணைக்கு. மற்றவர் விரட்டியது அவர் நல்லதுக்கு. நடுவில் உண்மை தெரிந்த ஒரே ஆள் பெஞ்சில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

7

முடிவு அ: மாதவராஜ் திரும்பி வந்து உண்மையைச் சொல்கிறார். பச்சியப்பன் சிரிக்கிறார். இருவரும் டீ குடிக்கிறார்கள். (எழுதினேன். எனக்கே கூச்சமாக இருந்தது. அறுபத்து மூன்று வயதில், ‘உங்களோடு பேசத்தான் வந்தேன்’ என்று இன்னொரு ஆணிடம் சொல்லக்கூடிய ஆளை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: அவர் அதே சைக்கிளில் பெங்களூருக்கே போய்விடுகிறார். கோவிந்தம்மாள் கதவைத் திறந்து (மகள் வீடு எட்டாவது மாடி. சைக்கிளை எங்கே வைப்பது?)

முடிவு இ: நடந்தது. ஐந்து வியாழக்கிழமைகள் அவர் வரவில்லை. ஐந்தாவதில் பச்சியப்பன் என்னைக் கேட்டார்.

“அந்தப் பெங்களூர்க்காரருக்குக் காலு சரியாயிருச்சாட்டம் இருக்குது சார். அதான் வரல. நல்லா இருந்தா சரிதான். ஆனா ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்.”

‘முதல் வாரமே சரியாகிவிட்டதுங்க’ என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் இத்தனை வாரப் பொய் வெளியே வந்துவிடும். மாதவராஜ் இனி இந்த வழியில் தலைநிமிர்ந்து போக முடியாது. சொல்லாவிட்டாலும் அவர் வரப்போவதில்லை. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கதைக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தது நானேதான், வேறு யார்மேலும் பழி போட முடியாது.

8

இன்றும் வியாழன். மத்தியானமே லீவு சொல்லிவிட்டு, டவுன் பஸ்ஸில் அவர் ஊரில் இறங்கினேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. “பெங்களூர்க்காரர் வூடுங்களா? அவரு ஊருக்குப் போயிட்டாரோ என்னமோ, கண்ணுலயே படல” என்றார் வழி காட்டிய பெண்.

அவர் எங்கும் போகவில்லை. உள்ளே டிவி ஓடுகிறது. ரேஸ் சைக்கிள் ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. பெடல்மேல் டயர் மெத்தை அப்படியே இருக்கிறது, மேலே தூசி.

கேட்டருகே நின்று முதல் வாக்கியத்தைத் தேடுகிறேன். ‘இந்தப் பக்கம் வந்தேன்’ பொய். ‘பச்சியப்பன் அனுப்பினார்’ அதைவிடப் பெரிய பொய். ‘உங்களை வைத்து ஒரு கதை’ ஐயோ. பதினைந்து வருஷமாக எழுதுகிறவனுக்கு, ஒரு மனிதரைக் கூப்பிட ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் கேட்டைத் தட்டினேன்.

டிவி நின்றது. செருப்புச் சத்தம் வருகிறது. முடிவு வேண்டும் என்கிறவர்கள் மேலே இருக்கும் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள். நான் இத்துடன் நிறுத்துகிறேன். அவர் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருக்கிறார். கதவு திறக்கும்போது நான் எழுதிக்கொண்டிருப்பதை அவர் பார்க்கக் கூடாது.